சனிக்கிழமைகளில் வந்து போனவர்

அத்தியாயம் 9

"நாலு மணி வரைக்கும்தான்," என்றார் இயக்குநர். "அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. கையெழுத்துப் போட்டு போலீசுக்கு அனுப்பிடுவேன்."

மேஜைமேல் போலீஸ் புகார் ஒற்றைத் தாளாகக் கிடந்தது. எதிரே உட்கார்ந்திருந்த சின்னவன் அதைத் தலைகீழாகவே படித்து முடித்துவிட்டான். அலட்சியம் என்ற சொல் மூன்று இடத்தில். டேட்டாம்மாவின் பெயர் ஏழு இடத்தில். சுவர்க் கடிகாரம் ஒன்றே கால் காட்டியது.

டேட்டாம்மா என்பது அந்த ஆம்புலன்ஸ் அலுவலகமே செல்லமாக வைத்த பெயர். எந்த ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது, எந்தத் தெருவுக்கு எது பக்கம், எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று சகலமும் அடங்கிய டேட்டாபேஸ் அவர் பொறுப்பு. முந்தாநாள், செவ்வாய்க்கிழமை காலை, ஒரு பெரியவர் வீட்டுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மகள் போன் செய்தாள். ஆபரேட்டர் முகவரியை அடித்தார், திரை அப்படியே நின்றது. திரும்ப அடித்தார், திரும்பவும் நின்றது. கடைசியில் வண்டி போய்ச் சேர்ந்தபோது பதினோரு நிமிடம் தாமதம். பெரியவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்னும் கண் திறக்காமல் கிடக்கிறார்.

"மெஷின்ல கோளாறே இல்ல, மேடம்," இயக்குநர் இன்னொரு தாளை, மெஷின் அறிக்கையை, தள்ளினார். "அஞ்சுல ஒரு பங்கு வேலைகூட அது செய்யல. மெஷின் சும்மா உக்காந்திருக்கு, வேலையும் நடக்கலன்னா, தப்பு அதை நடத்தறவங்க மேலதானே?"

"இருக்கலாம்," என்றார் அண்ணி. "ஆனா சும்மா உக்காந்திருக்கறவனெல்லாம் சோம்பேறின்னு அர்த்தமில்ல சார்."

"இதை வீட்டுக்குப் போனதும் எங்க அண்ணன்கிட்டயும் ஒரு தடவை சொல்லிடுங்க அண்ணி," என்றான் சின்னவன். "என்னைப் பத்தி."

இயக்குநர் சிரிக்கவில்லை. அண்ணியும் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் கோளாறுகளைத் துப்புத் துலக்குவதில் அண்ணி கில்லாடி. அவர் பையைத் தூக்குவதும், கேட்டால் பதிலும் கேட்காவிட்டால் கிண்டலுமாகப் பேசுவதும் கொழுந்தன் சின்னவனுக்கு வேலை. முப்பத்தைந்து வயதாகியும் அவனுக்கு அந்தப் பெயர் போகவில்லை, வாயும் அடங்கவில்லை.

இயக்குநர் அறைக்கு வெளியே டேட்டாம்மா தன் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் வீங்கியிருந்தது.

"என் வேலையில தப்பில்ல, மேடம். அஞ்சு வாரமா வீட்டுக்குப் போனாக்கூட இதே நெனப்புதான். ஒவ்வொரு தேடலையும் பிரிச்சு மேஞ்சுட்டேன். எல்லாம் சுத்தமா இருக்கு." குரல் உடைந்தது. "அந்தப் பெரியவர் பொண்ணு இங்க வந்தாங்க. ஏம்மா எங்கப்பாவை இப்படிப் பண்ணினேன்னு என்னைப் பாத்துக் கேட்டாங்க."

பக்கத்து மேஜையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து டேட்டாம்மா கையில் கொடுத்தார். அலுவலகத்தின் கம்ப்யூட்டர் சர்வரைக் கவனிக்கிற சர்வர்காரர். டேட்டாம்மாவின் கணவரும் அவரே.

"நீங்கதான் சர்வரா?" என்றான் சின்னவன். "வாய் தவறி ரெண்டு டீ சொல்லிடப் போறேன்."

"பழகிடுச்சு சார்," என்றார் அவர், பாவம்போல.

"உங்க மெஷினைக் காட்டுங்க," என்றார் அண்ணி.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், குளிர்ந்த அறையில், அலமாரி உயரத்துக்குக் கறுப்புப் பெட்டி ஒன்று இரைந்துகொண்டிருந்தது. அந்த ஒரு பெட்டிக்குள் பத்து மெஷின்கள் இருப்பதாக சர்வர்காரர் சொன்னார். டேட்டாபேஸ் ஒன்று, வருகைப் பதிவு ஒன்று, ஐந்து வாரம் முன்பு புதிதாக வந்த கேமரா ஒன்று என்று பத்து. நிஜத்தில் இரும்பு ஒன்றுதான். பத்தும் அதற்குள் பாகம் பிரித்துக்கொண்டு ஓடுகிற பாவனை மெஷின்கள்.

"புரிஞ்சுது," என்றான் சின்னவன். "ஒரே வீடு, பத்துக் குடித்தனம். ஒவ்வொருத்தரும் தனி வீட்டுல இருக்கறதா நெனப்பு. மோட்டார் மட்டும் பொது."

"கணக்குப் போடற பிராசஸர் மொத்தம் எத்தனை?" என்றார் அண்ணி.

"முப்பத்திரண்டு, மேடம். பத்துப் பேரும் மாத்தி மாத்தி எடுத்துக்குவாங்க."

"இயக்குநர் கொடுத்த இந்த அறிக்கை குடித்தனக்காரர் உள்ள இருந்து எழுதினதா, வீட்டுக்கு வெளிய இருந்து எழுதினதா?"

சர்வர்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். "உள்ள இருந்துதான். எல்லாரும் அதைத்தான் பாப்போம்."

அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு ஏதோ உறுத்திவிட்டது என்று சின்னவனுக்குத் தெரிந்தது.

கட்டுப்பாட்டு அறையில் ஆறு ஆபரேட்டர்கள் காதில் மாட்டிய போனோடு பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற சூப்பர்வைசர் அக்காவுக்கு உட்காரவே நேரமில்லை. அண்ணி கேட்டதும் இடுப்பில் செருகியிருந்த சின்ன நோட்டை உருவிக் கொடுத்தார்.

"யாரும் கேக்கல, நானாத்தான் எழுதினேன். முகவரி அடிச்சா வண்டி நம்பர் வர எத்தனை விநாடின்னு. முதல்ல மூணுதான் ஆகும்."

பக்கங்களை அண்ணி ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதல் வாரம் ஐந்து. அடுத்த வாரம் பன்னிரண்டு. பிறகு இருபது. பிறகு முப்பத்தைந்து. இந்த வாரம் ஐம்பது, அதுவும் திரை ஒத்துழைத்தால்.

"தம்பி, இதுல என்ன தெரியுது?"

"போற போக்குல நடந்து போனாக்கூட ஆம்புலன்ஸை முந்திடலாம்னு தெரியுது."

"அதில்ல. செவ்வாயில இருந்து வெள்ளி வரைக்கும் ஏறவே இல்ல. திங்கக்கிழமைதான் ஏறுது. ஒவ்வொரு திங்கக்கிழமையும்."

சின்னவன் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தான். வாஸ்தவம். வாரம் முழுக்க ஒரே எண், திங்கள் வந்ததும் ஒரு தாவல்.

"தானா வர்ற நோய் கிழமை பாத்து வராது," என்றார் அண்ணி. "சனி, ஞாயிறுல யாரோ கை வைக்கறாங்க."

இரண்டு மணி பத்து. இருவரும் வாசலுக்கு ஓடினார்கள். செக்யூரிட்டி வருகைப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். விடுமுறை நாட்களில் கட்டுப்பாட்டு அறைக்காரர்களுக்கு வேறு வாசல், வேறு புத்தகம். இந்தப் புத்தகத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரே ஒரு கையெழுத்து. நாலு சனிக்கிழமை, நாலு தடவை, ஐந்தரைக்கு உள்ளே, ஆறரைக்கு வெளியே.

சர்வர்காரர்.

"அடப்பாவி!" சின்னவனுக்கு வாய் பிளந்தது. "கட்டின புருஷனா? தண்ணி பாட்டிலைத் திறந்து கொடுத்தாரே, நான்கூட நல்ல மனுஷன்னு நெனச்சேன்!"

"கூட யாராவது வருவாங்களா?" என்று அண்ணி கேட்டார்.

"தனியாத்தான் வருவாரு," என்றார் செக்யூரிட்டி. "மேடத்துக்குத் தெரிய வேணாம்னு வேற சொல்வாரு. மூணு மாசம் முந்தி அவங்களுக்குப் பதவி உயர்வு வந்துச்சு இல்ல? அதுல இருந்தே மனுஷன் கொஞ்சம் அமைதியாயிட்டாரு."

அவ்வளவுதான், சின்னவனுக்குக் கதை முடிந்துவிட்டது. "இதுக்கு மேல என்ன அண்ணி வேணும்? பொண்டாட்டி ஒரு படி மேல போயிட்டாங்க, புருஷனுக்கு வயிறு எரிஞ்சுது. வாராவாரம் வந்து பிராசஸரைக் கொஞ்சங் கொஞ்சமாப் புடுங்கிட்டுப் போறாரு. நேரா இயக்குநர்கிட்ட போயிடலாம்."

"புடுங்கியிருந்தா, மிச்சம் இருக்கறது மூச்சு முட்ட ஓடணும், தம்பி. இது சும்மா இல்ல உக்காந்திருக்கு? ரெண்டும் ஒட்டலயே."

ஒட்டத்தான் இல்லை. அண்ணிக்கு யோசிக்க டீ வேண்டும். கேன்டீனுக்குப் போனார்கள். வாசலில் புதிதாகப் பயிற்சிக்கு வந்த டிரைவர்கள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். சின்னவன் அவர்களைத் தாண்டிப் போய் ஒரு மூலையில் இரண்டு நாற்காலியைப் பிடித்துவிட்டான். பின்னால் தனியாக வந்த ஒருவரும் உடனே உட்கார்ந்துவிட்டார். கூட்டம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"இவங்க ஏன் இன்னும் நிக்கறாங்க? இடம் இருக்கே," என்றார் அண்ணி.

"இடம் இருந்து என்ன பண்ண? இருபது பேரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடுவாங்களாம். அங்க நாலு, இங்க மூணுன்னு காலியாகுது, யாரும் போகல. இருபதும் ஒரே நேரத்துல காலியாகணும்னா அடுத்த வருஷம்தான். நம்மள மாதிரி ரெண்டு பேரா வந்திருந்தா இந்நேரம் ஏப்பம் விட்டிருப்பாங்க."

அண்ணியின் கை டீ கிளாஸோடு பாதியில் நின்றது.

"நிக்கறவங்க வேலை செய்யறாங்களா, சும்மா இருக்காங்களா?"

"நிக்கறது ஒரு வேலையா? சும்மாத்தான் இருக்காங்க."

"எந்திரிங்க," என்றார் அண்ணி. டீ அப்படியே இருந்தது.

இரண்டு நாற்பது. அண்ணி டேட்டாம்மாவின் மேஜைக்கு வந்ததும், "மெஷின் வேலையை மொத்தமாக் காட்டற இந்தப் பச்சைக் கோடு வேணாம். பிராசஸரைத் தனித்தனியாக் காட்டுங்க," என்றார்.

டேட்டாம்மா ஒரு பொத்தானைத் தட்டினார். பச்சைக் கோடு போய், திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் வந்தன. ஒரு பிராசஸருக்கு ஒரு கட்டம். அண்ணி தன் கோப்பிலிருந்து ஐந்து வாரம் முன்பு வந்த முதல் புகாரோடு இணைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். அதில் பெரிது பெரிதாக எட்டுக் கட்டங்கள். சின்னவன் திரையில் விரல் வைத்து எண்ணினான். இருபத்துநாலு.

"இது... எட்டுதானே இருக்கணும்?" டேட்டாம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "நான் எப்பவும் மொத்தக் கோட்டைத்தான் பாப்பேன். இதை யார் ஏத்தினது? என் கையெழுத்து இல்லாம இங்க ஒரு மாற்றமும் நடக்காதே!"

பக்கத்து மேஜையில் சர்வர்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

சின்னவன் குழம்பிப்போனான். திருடன் வீட்டில் இருப்பதை எடுப்பான். இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டல்லவா போயிருக்கிறான்?

"சார்," அண்ணி சர்வர்காரர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டார். "பெட்டிக்கு வெளிய இருந்து பாக்கற கணக்கு உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. அதுல காத்திருப்புன்னு ஒரு வரிசை உண்டு. திறங்க."

அவர் திறந்தார். டேட்டாபேஸ் மெஷினுக்கு நேராக அறுபத்தாறு என்று நின்றது. மற்ற எதற்கும் ஐந்தைத் தாண்டவில்லை.

"நூறு விநாடியில அறுபத்தாறு விநாடி உங்க மெஷின் வாசல்ல நின்னிருக்கு," என்றார் அண்ணி. "இருக்கறது முப்பத்திரண்டு நாற்காலி. உங்காளு இருபத்துநாலு பேரோட வந்து, ஏறக்குறைய எல்லாருக்கும் ஒண்ணா இடம் கேக்கறாரு. மத்த ஒம்பது குடித்தனமும் ரெண்டு ரெண்டு பேரா வந்து உக்காந்துட்டு எழுந்து போறாங்க. உள்ள இருந்து பாத்தா சும்மா இருக்கற மாதிரிதான் தெரியும். நின்ன நேரம் உள்ள இருக்கறவங்களுக்கே தெரியாது."

சர்வர்காரர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"முதல் வாரம் அஞ்சு விநாடி ஆச்சு, மேடம். மீட்டிங்ல வச்சு இவளைத் திட்டினாங்க. வீட்டுக்கு வந்து அழுதா. நான் ஏதாவது பண்ணட்டுமான்னு கேட்டா, என் பிரச்சினையில நீங்க கை வைக்காதீங்க, புருஷன் தயவுல நிக்கறான்னு பேரு வரும்னா. மாற்றச் சீட்டு எழுதினா இவ கையெழுத்துப் போடமாட்டா. அதான் யாருக்கும் தெரியாம நாலு பிராசஸர் கொடுத்தேன். சனிக்கிழமை ஓட்டிப் பாத்தேன், பறந்துச்சு! சந்தோஷமா வீட்டுக்குப் போனேன். திங்கக்கிழமை மோசமாயிடுச்சு. வேலை கூடிடுச்சு போல, பத்தலன்னு நெனச்சு இன்னும் நாலு கொடுத்தேன்."

"சனிக்கிழமை மத்த குடித்தனம் முக்கால்வாசி பூட்டிக் கிடக்கும். அதான் பறந்துச்சு," என்றார் அண்ணி. "முதல்ல வந்த அஞ்சு விநாடியும் புதுசா வந்த கேமரா மெஷினால. அதை வேற பெட்டிக்கு மாத்தியிருந்தா போதும்."

டேட்டாம்மா கணவர் பக்கம் திரும்பினார். சத்தம் அடக்கமாகத்தான் வந்தது.

"என்னைத் தூக்கி விடறேன்னு என் கால்மேலயே ஏறி நின்னுட்டீங்களே."

சின்னவனுக்கு வயிற்றெரிச்சல் என்று சொன்ன வாயை ஊசி போட்டுத் தைத்துவிடலாம்போல வெட்கமாக இருந்தது. மூணு மாதமாக மனிதன் அமைதியானது பயத்தில், புதுப் பொறுப்பில் மனைவிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்.

"அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு," என்றார் அண்ணி. "இதைப் பழையபடி எட்டாக்கணும். எத்தனை நிமிஷம் நிறுத்தணும்?"

"நாலு," என்றார் சர்வர்காரர்.

கட்டுப்பாட்டு அறைக்கு வரவழைத்துச் சொன்னதும் இயக்குநர் குதித்தார். "நாலு நிமிஷம் ஆம்புலன்ஸை நிறுத்தறதா? அதுக்குள்ள இன்னொருத்தர் போனா யார் பதில் சொல்றது? உங்க கணக்குத் தப்புன்னா?"

"ஆம்புலன்ஸ் நிக்காது சார், திரைதான் நிக்கும்," என்று சூப்பர்வைசர் அக்கா குறுக்கே வந்தார். "என்கிட்ட சுவர்ல வரைபடம் இருக்கு, கையில வயர்லெஸ் இருக்கு. இப்ப ஐம்பது விநாடி தவிக்கறதுக்கு நாலு நிமிஷம் காகிதத்துல எழுதலாம்."

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார், புகாரைப் பார்த்தார். "மாற்றச் சீட்டு எழுதுங்க. ரெண்டு கையெழுத்தும் வேணும்."

சீட்டில் கட்டங்கள் இருந்தன. இப்போதுள்ள அளவு, மாற்ற வேண்டிய அளவு, காரணம். சர்வர்காரர் பேனாவை வாங்கி ஒரே மூச்சில் எழுதினார். இருபத்துநாலு. எட்டு. காரணம் என்ற இடத்தில், முறையான சீட்டு இல்லாமல் நான் நான்கு சனிக்கிழமைகளில் கூட்டியது என்று எழுதித் தன் முழுப் பெயரையும் போட்டார். டேட்டாம்மா அதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று இருபத்தெட்டு. ஆறு திரைகளும் ஒன்றாக இருண்டன.

முதல் நிமிடத்தில் இரண்டு அழைப்பு. ஆபரேட்டர்கள் எழுதிக் கிழித்த சீட்டுகளை சின்னவன் ஓடி ஓடி வாங்கி அக்காவிடம் கொடுத்தான். அக்கா வரைபடத்தில் விரலை ஓட்டி வயர்லெஸ்ஸில் வண்டி நம்பரைக் கத்தினார். இரண்டாம் நிமிடம் ஒரு தெருவில் விபத்து. மூன்றாம் நிமிடம் ஓர் அம்மாவின் அலறல் போனைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. குழந்தை பொம்மைக்குள் இருந்த பேட்டரியை முழுங்கிவிட்டதாம்.

"பதினேழு எங்க இருக்கு? பதினேழு, பதில் சொல்லுப்பா!" அக்காவின் குரல் கம்மியது. வயர்லெஸ் கரகரத்தது. "...பாலத்துக்குப் பக்கம், அக்கா." "திரும்பு! பள்ளிக்கூடத்துப் பின் தெரு, மூணாவது வீடு, குழந்தை!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சர்வர்காரர் விசைப்பலகைமேல் குனிந்திருந்தார். பக்கத்தில் டேட்டாம்மா நின்று வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிமிடம் ஆனது. திரை வரவில்லை. இயக்குநர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நாலரை நிமிடம். சின்னவன் அண்ணியைப் பார்த்தான், அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு திரை வெளுத்தது. பிறகு ஆறும்.

"அழைப்பு!" என்றார் ஓர் ஆபரேட்டர். முகவரியை அடித்தார். சின்னவன் மனதுக்குள் எண்ணினான். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து.

"வந்துடுச்சு! வண்டி ஒம்பது!"

சூப்பர்வைசர் அக்கா அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தார்.

மூன்று ஐம்பதுக்கு இயக்குநர் தன் அறைக்குள் போய்ப் பழைய புகாரை இரண்டாகக் கிழித்தார். கிழித்த கையோடு புதுத் தாளை எடுத்துவைத்துவிட்டு, சர்வர்காரரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

சர்வர்காரர் மாற்றச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அறை வாசலில் டேட்டாம்மா நின்றிருந்தார்.

"இப்ப வேகமா இருக்கா?" என்று கேட்டார் சர்வர்காரர்.

"அஞ்சு விநாடி."

"அப்ப சரி," என்று கதவைத் தட்டக் கையைத் தூக்கினார்.

"நில்லுங்க."

டேட்டாம்மா அந்தச் சீட்டைப் பிடுங்கினார். சுவரில் வைத்து, கணவரின் பெயருக்குக் கீழே எழுதினார். பக்கத்தில் நின்ற சின்னவனுக்கு எழுத்து நேராகவே தெரிந்தது. எட்டு பிராசஸர் இருபத்துநாலு ஆனதை நான்கு வாரம் பார்க்காமல் இருந்தது நான். கீழே தன் முழுப் பெயர்.

"அம்மா, என்ன பண்றீங்க?" சின்னவன் பதறினான். "இப்பதானே உங்க பேரைக் கிழிச்சுப் போட்டாரு!"

"அந்தப் பொண்ணு என்னைத்தான் கேட்டா, சார். எங்கப்பாவை ஏன் இப்படிப் பண்ணினேன்னு. நான் எதுவும் பண்ணலன்னு இனிமே அவகிட்ட சொல்ல முடியாது."

"உனக்கு எதுக்கும்மா இது? நான் பாத்துக்கறேன்," என்றார் சர்வர்காரர்.

"நீங்க பாத்துக்கிட்டது போதும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு டேட்டாம்மா அவர் கையை இறுகப் பிடித்தார். "முதல்ல உள்ள போய் ரெண்டு பேரும் உள்ளதைச் சொல்லுவோம். அதுக்கப்புறம் வீட்டுக்கு வாங்க, அங்க வச்சுக்கறேன் உங்களை."

டேட்டாம்மாவே கதவைத் தட்டினார்.